நானூறு அப்ளிகேஷன் போட்டாச்சு, ஒரு போன் கூட வரல

அமெரிக்காவுல எம்.எஸ் படிக்கிற நம்ம ஊரு பிள்ளைக வேலை தேடுறத பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன மாசம் ரெண்டே ரெண்டு வரி போட்டோம். அவ்வளவு தான், மேலூர்ல இருந்து, திருமங்கலத்துல இருந்து, அங்க டெக்சாஸ்ல உக்காந்துக்கிட்டு நம்ம பயலுக அனுப்புனதுன்னு வந்து குமிஞ்சிருச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்வியத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதனால பொறுக்கி எடுத்து பதில் சொல்றேன். நான் வக்கீல் கிடையாது. 2012ல ஒஹாயோவுக்கு மெக்கானிக்கல் படிக்க போயி, ஏழு வருஷம் அங்கயே வேலை பார்த்துட்டு, இப்ப கே.கே.நகர்ல இருக்கேன், அம்புட்டு தான் தகுதி. விசா ரூல் இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாறும், எதச் செய்றதுக்கு முன்னாடியும் காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: எங்க பையன் டல்லாஸ் பக்கம் டேட்டா சயின்ஸ் படிக்கிறான், வர்ற மே மாசம் முடியுது. 400 கம்பெனிக்கு மேல ஆன்லைன்ல அப்ளை பண்ணிட்டானாம், ஒரு போன் கூட வரல. வீட்டு பத்திரத்த பேங்க்ல வச்சு லோன் வாங்கிருக்கோம். இவன் ஏதும் தப்பு பண்றானா, இல்ல அங்க வேலையே இல்லையா?
— ஒரு அம்மா, திருமங்கலம்

அம்மா, பையன் சோம்பேறி இல்ல, அத மொதல்ல நம்புங்க. 400 அப்ளிகேஷன் போடுறதுன்னா ராத்திரி ராத்திரியா உக்காந்து போட்டிருப்பான். ஆனா அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அந்த 400ல எத்தனை கம்பெனியில ஒரு மனுசன்கிட்டயாச்சும் பேசுன? அனேகமா பதில் சைபரா இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஆன்லைன்ல ஒரு வேலை போட்டதும் அதுக்கு நூத்துக்கணக்குல வந்து விழும். ரெசியூம் பூராம் ஒரு சாஃப்ட்வேர்ல போய் உக்காரும், அத ஏடிஎஸ்னு சொல்லுவாங்க, ரெக்ரூட்டர் அதுல நாலு வார்த்தைய போட்டு தேடி மேலாப்ல வர்றத மட்டும் பார்ப்பாரு. ஒரே ரெசியூம 400 இடத்துக்கு அனுப்புனா 400 தடவை அடியில கிடக்கும், அவ்வளவு தான். அதுக்கு பதிலா வாரத்துக்கு பத்து கம்பெனி போதும், ஆனா அந்த பத்துலயும் விளம்பரத்த படிச்சு ரெசியூம கொஞ்சம் மாத்தி, அங்க வேலை பார்க்குற ஒரு ஆள தேடிப் புடிச்சு ரெண்டு வரி எழுதி, அப்புறம் அப்ளை பண்ணணும்.

அடுத்தது காலம். அங்க படிக்கிற பசங்களுக்கான ஆள் எடுப்பு ஆகஸ்ட் கடைசியில சூடு புடிச்சு செப்டம்பர், அக்டோபர்ல உச்சத்துல இருக்கும், கம்பெனிக காலேஜுக்கே வந்து டேபிள் போட்டு ஆள் பார்க்குற கெரியர் ஃபேர் நடக்குறது அப்பத்தான். அடுத்த மே மாசம் படிப்பு முடியிறவனுக்கும், அடுத்த கோடைக்கு இன்டர்ன்ஷிப் போறவனுக்கும் பெரிய கம்பெனிக அப்பவே ஆள் எடுத்துருவாங்க. நம்ம பிள்ளைக என்ன பண்ணுதுக, மொத செமஸ்டர் பாடத்த பார்ப்போம், வேலைய அப்புறம் பார்ப்போம்னு விட்டுருதுக. அழகர் ஆத்துல இறங்குறத பார்க்கணும்னா முந்தின நாள் ராத்திரியே போய் இடத்த புடிக்கிறோமா இல்லையா, விடிஞ்சு சாவகாசமா குளிச்சுட்டு கிளம்புனா யாரோட முதுகத்தான் பார்க்கணும். சரி, அது போச்சு. பிப்ரவரி மார்ச்ல இன்னொரு கெரியர் ஃபேர் வரும், சின்னது தான், அத விட்டுற வேணாம். சின்ன கம்பெனிக வருஷம் பூராம் ஆள் தேவைப்படுறப்ப தான் எடுக்கும், மே மாசத்துக்கு அப்புறமும் எடுக்கும்.

இப்ப நீங்க நோட்டுல எழுதி வச்சுக்க வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. படிப்பு முடிஞ்சதும் வேலை பார்க்க ஓபிடின்னு 12 மாசம் குடுப்பாங்க. அதுக்கு படிப்பு முடியிற தேதிக்கு 90 நாள் முன்னாடில இருந்து, முடிஞ்சு 60 நாள் வரைக்கும் அப்ளை பண்ணலாம், கடைசி நாள் வரைக்கும் இழுக்காம முன்னாடியே போட்டுறணும். காலேஜ் ஆபீஸர் கம்ப்யூட்டர்ல சிபாரிசு ஏத்துனதுல இருந்து 30 நாளைக்குள்ள அப்ளிகேஷன் போய் சேர்ந்துறணும், இதுல கோட்ட விட்டவங்கள எனக்கே தெரியும். ஓபிடி என்னைக்கு ஆரம்பிக்கணும்னு தேதிய பையனே கேட்கலாம், படிப்பு முடிஞ்ச 60 நாளைக்குள்ள ஏதாச்சும் ஒரு நாள். கையில வேலை இல்லாதவன் தேதிய தள்ளி போடுறது புத்திசாலித்தனம், ஏன்னா அந்த தேதியில இருந்து மொத்தம் 90 நாள் தான் வேலையில்லாம இருக்கலாம். 'சரி, ரெண்டு மாசம் ஊருக்கு வந்துட்டு போறேன்'னு இங்க வந்து இருந்தாலும் அந்த நாளும் சேர்ந்தே ஓடும்.

90 நாள் நெருங்குதுன்னு கையப் பிசைஞ்சுக்கிட்டு உக்கார வேணாம். மொத 12 மாசத்துல சம்பளம் இல்லாத வேலையும் கணக்குல வரும், அவன் படிச்ச படிப்புக்கு சம்பந்தப்பட்டதா, வாரத்துக்கு 20 மணி நேரமாச்சும் இருக்கணும். அவனோட பேராசிரியர்கிட்ட போய், சார் உங்க லேப்ல டேட்டா வேலை பார்த்து தர்றேன், ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டா பல பேர் சரின்னுருவாங்க. நாளும் நிக்கும், ரெசியூம்ல ஒரு வரியும் ஏறும்.

லோன் விஷயம், பெரும்பாலும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கேட்க மாட்டாங்க, ஆனா தனியார் கம்பெனி லோன்னா ஆறே மாசமா கூட இருக்கும். உங்க சாங்ஷன் லெட்டர எடுத்து பாருங்க, பையன்கிட்ட கேட்காதீங்க, அவனுக்கு அது தெரிஞ்சிருக்காது.

கேள்வி: என் மச்சினன் மகன் அங்க பெரிய கம்பெனியில பத்து வருஷமா இருக்கான். என் மகளுக்கு ஒரு வேலை போட்டு குடுன்னா 'ரெஃபர் பண்றேன் மாமா, ஆனா கிடைக்கும்னு சொல்ல முடியாது'ன்னு நழுவுறான். மனசு வச்சா முடியாதா?
— உசிலம்பட்டி வாசகர்

ஐயா, அவன் நழுவல, உள்ளத சொல்லிருக்கான். நம்மூர்ல சிபாரிசுன்னா எம்.எல்.ஏ லெட்டர் மாதிரி, குடுத்தா நடக்கணும், நடக்கலைன்னா மருவாதி போச்சு. அங்க ரெஃபரல்ங்கிறது வேற. கம்பெனிக்குள்ள இருக்குறவன் ஒரு லிங்க்ல போய், எனக்கு தெரிஞ்ச பொண்ணு, இந்த வேலைக்கு பொருந்துவான்னு பதிஞ்சு விடுறது, அத வச்சு ரெக்ரூட்டர் அந்த ரெசியூம திறந்து பார்க்க வாய்ப்பு கூடும். அதுக்கு மேல இன்டர்வியூ நாலஞ்சு ரவுண்டு அந்த பிள்ள தான் தாண்டணும். ஆள் சேர்ந்தா ரெஃபர் பண்ணவனுக்கே போனஸ் குடுக்குற கம்பெனி நிறைய இருக்கு, அதனால கேட்குறதுக்கு கூச்சப்படவே வேணாம், ஒரு வகையில நீங்க அவனுக்கு லாபம் பார்த்து குடுக்குறீங்க.

ஆனா மகள நேரா பேசச் சொல்லுங்க, நீங்க நடுவுல நிக்காதீங்க. மாமா ராத்திரி போன் போட்டு 'என்னப்பா ஆச்சு'ன்னு வாரா வாரம் கேட்டா எந்த பய தான் ஓட மாட்டான்.

இதுல எல்லா பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். மச்சினன் மகன் இல்லாதவங்க என்ன பண்றதுன்னா, லிங்க்ட்இன்ல உங்க யுனிவர்சிட்டி பக்கத்துக்கு போனா அலும்னின்னு ஒரு இடம் இருக்கும், அதுல ஊரு, கம்பெனி, படிப்புன்னு வடிகட்டி பார்க்கலாம். இங்க படிச்ச இன்ஜினியரிங் காலேஜ் பேர போட்டும் தேடுங்க, நம்ம மதுரை காலேஜ்ல படிச்ச சீனியர் அங்க எங்கெங்கயோ கிடப்பாங்க, ஊர்ப்பேர பார்த்ததும் பாதி பேருக்கு மனசு இளகிரும். ஆனா எழுதுறப்ப 'ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'னு மனு எழுதாதீங்க, ரெசியூமயும் மொத மெசேஜ்லயே ஒட்டாதீங்க. நான் இன்ன இடத்துல படிக்கிறேன், நீங்க இருக்குற டீம் இன்ன வேலை பண்றத பார்த்தேன், நானும் அதுல ஒரு புராஜெக்ட் பண்ணிருக்கேன், 15 நிமிஷம் பேச முடியுமா, அவ்வளவு தான். பத்து பேருக்கு எழுதுனா ரெண்டு பேர் பதில் போட்டாலே பெருசு. பேசுறப்ப வேலை கேட்கவே கூடாது, அவர் எப்படி உள்ள போனாருன்னு கேளுங்க, கடைசியில 'வேற யார்கிட்ட பேசலாம்'னு ஒரு கேள்விய போடுங்க. பேசி முடிச்ச மறுநாள் ஒரு நன்றி மெசேஜ். வேலைப் பேச்ச அவங்களே எடுப்பாங்க, எடுக்கலைன்னா விட்டுட்டு அடுத்த ஆள பாருங்க.

கேள்வி: அண்ணே, அப்ளிகேஷன்ல 'வில் யூ நவ் ஆர் இன் த ஃபியூச்சர் ரிக்கொயர் ஸ்பான்சர்ஷிப்'னு கேட்குறான். எஸ் போட்டா உடனே ரிஜெக்ட் மெயில் வருது. ரூம்மேட்ஸ் எல்லாம் நோ போடுன்னு சொல்றாங்க. போடலாமா?
— அண்ணா நகர்க்காரன், இப்ப டெக்சாஸ்

போடாத தம்பி. இப்பவோ பின்னாடியோ கம்பெனி உனக்கு விசா எடுத்து குடுக்க வேண்டியிருக்குமான்னு கேட்குறான், அதுல 'ஃபியூச்சர்'ங்கிற வார்த்தைய வேணும்னே தான் வச்சிருக்கான். நாளைக்கு ஹெச்-1பிங்கிற வேலை விசா கேட்டு நிக்கிறப்ப, சேரும்போதே பொய் சொல்லிட்டான்னு வேலையவே தூக்கலாம்.

ரெண்டு கேள்வி வரும், ரெண்டும் வேற வேற. அமெரிக்காவுல சட்டப்படி வேலை பார்க்க அனுமதி இருக்கான்னா, ஓபிடியில எஸ். பின்னாடி ஸ்பான்சர்ஷிப் வேணுமான்னா அதுக்கும் எஸ். வடிகட்டுற கம்பெனி வடிகட்டிட்டு போகுது, அது உன் நேரத்த மிச்சம் பண்ணி குடுத்ததா நினைச்சுக்க. யாரு ஸ்பான்சர் பண்ணுவான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கு, விசா அப்ளிகேஷன பார்க்குற அமெரிக்க அரசாங்க ஆபீஸான யுஎஸ்சிஐஎஸ் வெப்சைட்ல ஹெச்-1பி எம்ப்ளாயர் டேட்டா ஹப்னு ஒண்ணு ஓசியில கிடக்கு, எந்த கம்பெனி எந்த வருஷம் எத்தனை பேருக்கு ஹெச்-1பி வாங்கிச்சுன்னு ஊர் வாரியா பார்க்கலாம். அத ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்த்து நீயே ஒரு லிஸ்ட் போடு. ராணுவம், ராக்கெட் சம்பந்தப்பட்ட கம்பெனிகள்ல பெரும்பாலும் சிட்டிசன், கிரீன் கார்டுக்காரன் தான் கேட்பான், அங்கிட்டு போகவே வேணாம்.

நேர்ல ஒரு சின்ன கம்பெனிக்காரர் 'விசா எப்படி'ன்னு கேட்டா தலைய சொறியாத. பதில மனப்பாடமா வச்சுக்க: என்னோடது ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிப்பு, 12 மாசம் ஓபிடி, அதுக்கு மேல 24 மாசம் நீட்டிப்பு, ஆக மூணு வருஷம் எனக்கு நீங்க விசா செலவே பண்ண வேண்டியதில்ல. அந்த நீட்டிப்புக்கு மட்டும் கம்பெனி இ-வெரிஃபைங்கிற, வேலை அனுமதி இருக்கான்னு சரிபார்க்குற அரசாங்க தளத்துல பதிஞ்சிருக்கணும், ஐ-983னு ஒரு டிரெய்னிங் பிளான்ல கையெழுத்து போடணும், இது ரெண்டும் தான். (எங்க காலத்துல நீட்டிப்பு 17 மாசம் தான், 2016ல 24 ஆக்குனாங்க, பொறாமையா இருக்கு.) இன்னொண்ணு, எஃப்-1ங்கிற படிப்பு விசாவுல இருக்குற மாணவனுக்கு மொத அஞ்சு காலண்டர் வருஷம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது, அதாவது சம்பளத்துல 7.65 சதவீதம் உனக்கும் மிச்சம், கம்பெனி தன் பங்குக்கு கட்டுற 7.65ம் அவனுக்கு மிச்சம். சின்ன கம்பெனி அக்கவுன்டன்டுக்கு இது தெரியாம புடிச்சிருவாரு, மொத பே ஸ்லிப்ப நல்லா பாரு.

கேள்வி: கப்பலூர்ல ரெண்டு வருஷம் குவாலிட்டில வேலை பார்த்தேன், வர்ற ஆகஸ்ட்ல இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிக்க போறேன். ரெசியூம் மூணு பக்கம் வருது. போறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?
— மேலூர் வாசகி

தங்கச்சி, நல்ல நேரத்துல கேட்டிருக்க. மூணு பக்கத்துல இருந்து மொதல்ல போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேரு, கல்யாணம் ஆச்சா இல்லையா, மதம், மேலூர் வீட்டு அட்ரஸ், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்'ங்கிறது, கையெழுத்து, எல்லாத்தயும் தூக்கு. அங்க அதெல்லாம் கேட்கவும் மாட்டான், போட்டா சங்கடப்படுவான், ஆள பாகுபாடு பார்த்து எடுத்தான்னு கேஸ் வரும்னு பயம். இதுலயே ஒரு பக்கம் போயிருக்கும். பத்தாம் வகுப்பு மார்க்கும் வேணாம். கடைசியா ஒரே பக்கத்துக்கு வந்துறணும்.

இருக்குற வரிகள எப்படி எழுதுறதுன்னு ஒரு உதாரணம் காட்டுறேன். போன வாரம் ஒரு தம்பி, அவனும் குவாலிட்டில இருந்தவன் தான், ரப்பர் கம்பெனில, ரெசியூம கொண்டு வந்தான். 'தரக் கட்டுப்பாட்டுத் துறையில் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்' அப்படின்னு இங்கிலீஷ்ல எழுதிருந்தான். என்னப்பா பண்ணுவன்னு கேட்டேன். பீஸ் பார்ப்பேண்ணேன்னான். பார்த்து? ரிஜெக்ட் ஆனத தனியா போடுவேன். எவ்வளவு ஆகும்? ஷிஃப்டுக்கு ஒரு நாப்பது ஆகும்ணே, அப்புறம் கம்மியாயிருச்சு. ஏன் கம்மியாச்சு? அது ஒண்ணுமில்லண்ணே, மோல்டு சூடு ஒழுங்கா ஏறாம போட்டுருவாங்க, நான் ஒரு அட்டையில மணிக்கொரு தடவை டெம்பரேச்சர் எழுத சொல்லி மெஷின்ல தொங்க விட்டேன், அப்புறம் இருபத்தஞ்சு தான் ஆச்சு. அடப்பாவி, இதத்தான்டா எழுதணும்! 'மோல்டு டெம்பரேச்சர மணிக்கொரு தடவை பதியிற ஷீட் கொண்டு வந்து, ஷிஃப்டுக்கு 40 ஆ இருந்த ரிஜெக்ட 25க்கு குறைச்சேன்.' ஒரு வரி தான். அவன் 'அது ஒண்ணுமில்லண்ணே'ன்னு சொன்ன இடத்துல தான் அவனோட வேலையே இருந்துச்சு. நீயும் கப்பலூர விட்டு கிளம்புறதுக்குள்ள உன் நம்பர்கள எழுதி எடுத்துக்க, அங்க போய் உக்காந்துக்கிட்டு யோசிச்சா வராது. கம்பெனி ரகசியம் எதையும் எடுத்துட்டு போகாத, உன் வேலையோட கணக்கு மட்டும் போதும்.

போய் இறங்குன மொத வாரமே காலேஜ்ல ஹேண்ட்ஷேக்னு ஒரு தளம் இருக்கும், பெரும்பாலான யுனிவர்சிட்டில அதுதான், அதுல அக்கவுன்ட் திறந்துரு. கெரியர் சென்டர்ல ரெசியூம் பார்த்து குடுப்பாங்க, காசு கிடையாது, உன் ஃபீஸ்லயே சேர்ந்தது தான். கேம்பஸ்க்குள்ள வேலை செமஸ்டர் நடக்குறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் பார்க்கலாம், லைப்ரரியோ லேபோ எதாச்சும் புடி, இங்கிலீஷ் பேச்சும் பழகும். வெளிய ஹோட்டல்ல கையில காசு வாங்கிக்கிட்டு பார்க்குற வேலை மட்டும் வேணாம், மாட்டுனா படிப்பே போயிரும். ஒரு முழு கல்வி ஆண்டு முடிச்சா அடுத்த கோடைக்கு சிபிடில, அதாவது படிக்கிறப்பவே வேலை பார்க்க குடுக்குற அனுமதில, இன்டர்ன்ஷிப் போலாம், அங்க வேலை வாங்குறதுக்கு அதவிட நேர் வழி கிடையாது, கோடையில பார்த்த கம்பெனியே கூப்பிட்டுக்கும். ஃபுல் டைம் சிபிடி மட்டும் 12 மாசத்த தொட்டுறக்கூடாது, தொட்டா ஓபிடி கிடையாது.

கேள்வி: கெரியர் ஃபேருக்கு கோட்டு சூட்டு கட்டாயமா? ஜீன்ஸ் போதுமா?
— பெயர் போடல, ஊரும் போடல

ஜீன்ஸ் வேணாம். அயர்ன் பண்ண ஃபார்மல் சட்டையும் பேன்ட்டும் போதும், பிளேசர் இருந்தா நல்லது. நம்ம விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து தைச்சுட்டு போங்க, அங்க வாங்குற காசுக்கு இங்க ரெண்டு செட்டு வரும்.

துணிய விடுங்க, எந்த டேபிளுக்கு போறீங்கங்கிறது தான் முக்கியம். நான் மொத வருஷம் கெரியர் ஃபேருக்கு போகவே இல்ல, மிட்டெர்ம் இருந்துச்சு. அது நான் பண்ண தப்பு. ரெண்டாவது வருஷம் போய், எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பெரிய கம்பெனி டேபிள் முன்னாடி முக்கா மணி நேரம் வரிசையில நின்னேன். போனதும் அந்த அம்மா 'எங்களப் பத்தி என்ன தெரியும்'னு கேட்டுச்சு. எனக்கு பேரு தான் தெரியும்! ரெசியூம வாங்கி அடுக்குல வச்சுட்டு ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்கன்னுருச்சு. கால் வலி, பசி வேற. பக்கத்துல ஒரு டேபிள்ல ஈ காக்கா இல்ல, வயசான ஒருத்தர் பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ஒண்ண வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. உக்கார நாற்காலி கிடந்துச்சுன்னு தான் போனேன்னு வைங்க. வாடிப்பட்டில எங்க பெரியப்பா தோட்டத்துல மூணு பேஸ்ல ஒரு பேஸ் போயி மாசத்துக்கு ஒரு தடவை மோட்டர் காயில் எரியும், அத காலைல வண்டியில கட்டி எடுத்துட்டு போயி ரீவைண்டிங் கட பெஞ்சுல நாள் பூராம் உக்காந்திருப்போம், அந்த கதையெல்லாம் சொன்னேன். அதுக்கு என்ன பண்ணீங்கன்னாரு. ஒரு பேஸ் போனா மோட்டர நிறுத்துற சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் வாங்கி மாட்டுனோம், பெரியப்பா அதையும் பைபாஸ் பண்ணிட்டாருன்னேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சாரு, எங்க கஸ்டமரும் இதத்தான்யா பண்றான்னாரு. இருபது நிமிஷம் பேசுனோம். மூணு வாரத்துல இன்டர்வியூ, அடுத்த மே மாசம் அங்கதான் சேர்ந்தேன், ஹெச்-1பி போட்டதும் அவங்கதான், அதுக்கு லாட்டரி மாதிரி குலுக்கல் உண்டு, மொத தடவை விழல, மறு வருஷம் விழுந்துச்சு.

கேள்வி: இன்டர்வியூல 'டெல் மீ அபவுட் எ டைம்'னு ஆரம்பிச்சு ஏதேதோ கேட்குறாங்க. டெக்னிக்கல்ல நான் கெட்டி, இதுல தான் சொதப்புறேன்.
— ஒரு மாணவர், அரிசோனா

அது பிஹேவியரல் ரவுண்டு. டீம்ல சண்டை வந்தப்ப என்ன பண்ண, தோத்தப்ப என்ன பண்ணன்னு கேட்பாங்க. ஸ்டார்னு ஒரு முறை சொல்லிக் குடுப்பாங்க, நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்ச, என்ன ஆச்சு, இந்த வரிசையில ரெண்டு நிமிஷத்துல சொல்லணும். ஒரு ஏழெட்டு கதைய முன்னாடியே எழுதி, வாய்விட்டு சொல்லி பழகு, மனசுக்குள்ள சொல்லிப் பார்க்குறது உதவாது.

நம்ம ஆளுக சொதப்புறது 'நாங்க'ல தான். 'நான் செஞ்சேன்'னு சொல்றது நமக்கு அகம்பாவமா படும், சின்ன வயசுல இருந்து அப்படியே வளர்த்துட்டாங்க. நாங்க டிசைன் பண்ணோம், நாங்க டெஸ்ட் பண்ணோம்னே போனா கேட்குறவனுக்கு நீ அங்க டீ வாங்கிட்டு வந்தியான்னு சந்தேகம் வந்துரும். டீம் செஞ்சத ஒரு வாக்கியத்துல சொல்லிட்டு, அதுல என் பங்கு இதுன்னு பிரிச்சு சொல்லு. அது பெருமை அடிக்கிறது ஆகாது.

கேள்வி: ஓபிடி ஆரம்பிச்சு 60 நாள் ஆச்சு. ஒரு கன்சல்டன்சி, நாங்க டிரெய்னிங் குடுத்து அஞ்சு வருஷ அனுபவம்னு ரெசியூம் போட்டு வேலை வாங்கி தர்றோம், மொதல்ல பணம் கட்டுங்கன்னு சொல்றாங்க. ஹெச்-1பி செலவையும் நானே குடுக்கணுமாம். வேற வழி தெரியல.
— பெயர் வேண்டாம்

பணம் கட்டாதீங்க. வேலை குடுக்குறவன் தான் காசு குடுக்கணும். ஹெச்-1பி ஃபைல் பண்ற ஃபீஸு, வக்கீல் ஃபீஸு கம்பெனி செலவு, உங்க தலையில கட்டுறது சட்டத்துக்கே விரோதம். அனுபவத்த பொய்யா போட்டா அது கம்பெனியோட நிக்காது, நாளைக்கு அதே பேப்பர் சென்னை கான்சுலேட்லயோ இமிக்ரேஷன்லயோ போய் நிக்கும், அங்க பொய் ஆவணம்னு முடிவு பண்ணுனா ஆயுசுக்கும் உள்ள விடாம போகலாம். கன்சல்டன்சி எல்லாமே திருட்டுன்னு சொல்லல, ஒழுங்கா நடத்துறவங்களும் உண்டு, ஆனா உங்ககிட்ட காசு கேட்டாலே எந்திரிச்சு வந்துருங்க.

இதே மாதிரி, சேர்ந்த அன்னைக்கே சிபிடில வேலைக்கு போகலாம்னு ஆசை காட்டுற காலேஜுகளும் இருக்கு. 2019 ஜனவரில மிச்சிகன்ல ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு பிடிபட்டுச்சு, பிடிபட்டதுன்னு கூட சொல்ல முடியாது, அத நடத்துனதே அமெரிக்க இமிக்ரேஷன் துறை தான், வகுப்பே கிடையாது, பொறி வச்சிருக்காங்க. சேர்ந்தவங்க பெரும்பாலும் இந்தியப் பிள்ளைக, அதுலயும் தெலுங்கு பேசுற பிள்ளைக அதிகம். கைது, நாடு கடத்தல்னு அந்த குடும்பங்க பட்ட பாடு கொஞ்சமில்ல.

உங்களுக்கு இன்னும் 30 நாள் இருக்கு. மேல திருமங்கலம் அம்மாவுக்கு சொன்ன பேராசிரியர் வழிய இன்னைக்கே பாருங்க, நாளைக்கு இல்ல. வேலை சேர்ந்ததும் பத்து நாளைக்குள்ள ஓபிடிக்காரங்களுக்கான அரசாங்க போர்ட்டல்ல பதியணும், பதியலைன்னா வேலையில இருந்தும் இல்லாத கணக்கு தான்.

கேள்வி: ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர்னு டிவியில பார்த்ததுல இருந்து தூக்கமில்ல. மகள அனுப்பலாமா வேணாமா?
— ஒரு அப்பா, ஒத்தக்கடை

ஐயா, 2025 செப்டம்பர் 19ல அந்த உத்தரவு போட்டது உண்மை தான். ஆனா அது முக்கியமா நாட்டுக்கு வெளிய இருந்து புதுசா ஆள கொண்டு வர்றதுக்கு. அங்கயே எஃப்-1ல படிச்சுக்கிட்டு, வெளிய போகாம ஹெச்-1பிக்கு மாறுறவங்களுக்கு அந்த ஒரு லட்சம் கிடையாதுன்னு யுஎஸ்சிஐஎஸ் அக்டோபர்ல விளக்கம் குடுத்துச்சு. அந்த மாத்தம் ஓடிக்கிட்டு இருக்குறப்ப பிள்ள ஊருக்கு கிளம்பி வந்துறக்கூடாது, கல்யாணம் காதுகுத்துன்னு கூப்பிட்டு நீங்களே கெடுத்துறாதீங்க.

லாட்டரி கதை இது: ஹெச்-1பி வருஷத்துக்கு 65,000 பேருக்கு, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு கூடுதலா 20,000. மார்ச்சுல கம்பெனி பதியும், விழுந்தா அக்டோபர் 1ல இருந்து வேலை. ஸ்டெம் படிச்ச பிள்ளைக்கு மூணு வருஷம் இருக்குறதால மூணு தடவை சீட்டு போடலாம். முன்ன எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம், 2025 கடைசியில சம்பள லெவல் கூட இருக்குறவங்களுக்கு வாய்ப்பு கூடுற மாதிரி விதிய மாத்திட்டாங்க, புதுசா படிச்சுட்டு வர்ற பிள்ளைகளுக்கு இது இடிதான், மறைக்க விரும்பல. யுனிவர்சிட்டி, அதோட சேர்ந்த ஆஸ்பத்திரி, லாப நோக்கமில்லாத ஆராய்ச்சி நிறுவனம் இவங்களுக்கு லாட்டரியே இல்ல, எப்ப வேணா போடலாம், சம்பளம் கொஞ்சம் கம்மி. இத நிறைய பிள்ளைக திரும்பிக் கூட பார்க்குறதில்ல.

அனுப்பலாமா வேணாமான்னா, வீட்ட அடமானம் வச்சு, அமெரிக்க சம்பளம் வந்தா தான் கட்ட முடியும்ங்கிற கணக்குல அனுப்புறதா இருந்தா நான் வேணாம்னு தான் சொல்வேன். மூணு வருஷம் வேலை பார்த்துட்டு திரும்பி வந்தாலும் சமாளிச்சுக்கலாம்ங்கிற கணக்கு இருந்தா தாராளமா அனுப்புங்க.

கேள்வி: எம்பிஏ படிச்சா ஓபிடி ஒரு வருஷம் தானா?
— சிம்மக்கல்

படிப்பு பேர பார்க்காதீங்க, காலேஜ் குடுக்குற ஐ-20 பேப்பர்ல சிஐபி கோடுன்னு படிப்புக்கான ஒரு நம்பர் இருக்கும், அது ஸ்டெம் லிஸ்ட்ல வருதான்னு பாருங்க. அனலிட்டிக்ஸ் பக்கம் சாஞ்ச எம்பிஏ சிலது அதுல வருது. சேர்றதுக்கு முன்னாடியே காலேஜுக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

கேள்வி: மகனுக்கு தினமும் போன் போட்டு 'என்னப்பா ஆச்சு'ன்னு கேட்டா எரிஞ்சு விழுறான். கேட்காம இருக்கவும் முடியல. என்ன பண்ண?
— ஒரு அம்மா, தல்லாகுளம்

டெக்சாஸ்ல காலைல ஒன்பது மணின்னா நமக்கு ராத்திரி ஏழரை, குளிர் காலத்துல எட்டரை. நீங்க சீரியல் முடிச்சுட்டு போன் எடுக்குற நேரம் தான் அவனுக்கு ரெக்ரூட்டர் கூப்பிடுற நேரம், லைன் பிஸியா இருந்தா வாய்ஸ்மெயிலுக்கு போயிரும். நம்ம காலைல ஏழு மணிக்கு கூப்பிடுங்க, அவனுக்கு அப்ப முந்தின நாள் ராத்திரி, சமைச்சுக்கிட்டு இருப்பான். சாப்பாட்ட பத்தி கேளுங்க. வேலைய பத்தி ஞாயித்துக்கிழமை மட்டும்.